விடுதிக்குள் வயலின், ஊருக்கு வெளியே வீடு

ஹங்கேரியின் கிழக்குச் சமவெளியில் ஹோர்தோபாஜ் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே ஒன்பது கண் வைத்த கல்பாலம் ஒன்று இருக்கிறது. 1827இல் தொடங்கி 1833இல் கட்டி முடித்தார்கள். நீளம் 167 மீட்டர். பாலத்தை ஒட்டி, பாலத்தைவிட வயதான ஒரு விடுதி நிற்கிறது. அந்த இடத்தில் 1699 முதலே விடுதி உண்டு; இப்போதிருக்கும் கட்டடம் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வெள்ளைச் சுவர், வளைவு வளைவான தாழ்வாரம், உள்ளே மது, இறைச்சிக் குழம்பு, வயலின். ஹங்கேரி சுற்றுலா அட்டைகளில் தவறாமல் வரும் படம் இது.

இப்படிப்பட்ட விடுதிக்கு அவர்கள் மொழியில் 'சார்தா' என்று பெயர். ஊருக்குள் இருப்பது மதுக்கடை. சார்தா இருப்பது ஊருக்கு வெளியே, ஆற்றங்கரையில், படகுத்துறையில், நெடுஞ்சாலையில். அந்தச் சமவெளியிலிருந்து வியன்னாவுக்கும் ஜெர்மானிய நகரங்களுக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப் போவார்கள். மாடு தண்ணீர் குடிக்க ஓர் ஆறு, ஓட்டுபவன் குடிக்க ஒரு சார்தா. நம்மூர்ச் சத்திரத்தோடு ஒப்பிடலாமா என்றால் முழுதாக முடியாது. நம் சத்திரத்தில் மது கிடையாது, சாதி மட்டும் உண்டு.

ஹங்கேரியின் தேசிய நடனமாகச் சொல்லப்படும் 'சார்தாஷ்' இந்தச் சார்தா என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அதாவது ஒரு நாடு தன்னுடைய அடையாளம் என்று உலகத்துக்குக் காட்டும் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்ததே ஆற்றங்கரைக் குடி விடுதிதான். அந்த ஆட்டத்துக்கு வாசித்தவர்கள் யார்? வாசித்து முடித்த பிறகு அவர்கள் எங்கே போய்ப் படுத்தார்கள்? தோழர்களே, இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

வாசித்தவர்கள் ரோமா மக்கள். உலகம் அவர்களை 'ஜிப்சி' என்று அழைத்தது, எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான நம்பிக்கையில். ஹங்கேரியர்கள் 'சிகான்' என்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான். பெரும்பாலான மொழியறிஞர்கள் அந்த வேரை பைசாந்தியக் கிரேக்கத்தில் காண்கிறார்கள்: 'அதிங்கானோய்'. பொருள், தீண்டாதவர். முதலில் அது யாரையும் தொடாமல் ஒதுங்கி வாழ்ந்த ஒரு மதப் பிரிவின் பெயர். பிறகு கிழக்கிலிருந்து வந்த இந்த மக்கள் தலையில் விழுந்தது. ஐரோப்பாவில் சாதி கிடையாது என்று சொல்பவர்களிடம் இந்தச் சொல்லின் வரலாற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ரோம். அது வட இந்தியாவின் 'டோம்' என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பது மொழியியலில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ரோமானி மொழி இந்திய மொழி என்பதில் ஐயமே இல்லை. டோம் என்றால் இன்று நமக்குக் காசியின் சுடுகாட்டில் பிணம் எரிப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். பழைய நூல்களில் அவர்கள் பாடகர்கள், இசைக்காரர்கள். 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியில் காஷ்மீர மன்னன் சக்கரவர்மன், ரங்கன் என்ற டோம்பப் பாடகரின் மகள்களைத் திருமணம் செய்துகொண்ட கதை வருகிறது. டோம்பப் பெண் பட்டத்தரசியாகிக் கோயிலுக்குள் நுழைந்துவிட்டாள் என்று கல்ஹணர் எவ்வளவு கொதிக்கிறார் என்பதைப் படிக்க வேண்டும்! பாட்டு அரண்மனைக்குள் வரலாம், பாடியவள் வரக்கூடாது. ஐரோப்பாவுக்குப் போன ரோமா மக்கள் இதே குடும்பங்களின் நேர் வாரிசுகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இசையையும் இழிவையும் ஒரே மூட்டையில் கட்டிச் சிலர் தலையில் ஏற்றும் வழக்கம் எவ்வளவு பழையது என்பது இதில் தெரிகிறது.

ஹங்கேரியில் ரோமா இசைக்காரர்களைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்றும் ஆற்றோடு சம்பந்தப்பட்டதுதான். 1489இல் அரசி பியாட்ரிஸின் வசமிருந்த, டானூப் நதி நடுவே உள்ள செப்பெல் தீவில், லூட் என்ற நரம்புக் கருவி வாசித்த ரோமா மக்களுக்குப் பணம் கொடுத்ததாக ஒரு கணக்குக் குறிப்பு இருக்கிறது. ஆனால் இசையே அவர்களில் பலருக்குப் பிழைப்பாக மாறியது 18ஆம் நூற்றாண்டில். அதுவரை கொல்லு வேலை, ஆற்றங்கரைக் களிமண்ணில் பச்சைச் செங்கல் அறுக்கும் வேலை, மரத்தொட்டி கடையும் வேலை. காசு வாங்கிக்கொண்டு அடுத்தவன் ஆடுவதற்கு வாசிப்பது பிரபுவுக்குக் கௌரவக் குறைச்சல். நிலம் வைத்திருந்த குடியானவனுக்கும் அது இழிவு. நிலமில்லாதவனுக்குத் தள்ளிவிடப்பட்ட தொழில் அது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

விடுதியின் பொருளாதாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மது விற்கும் உரிமை அந்த நிலத்தின் பிரபுவுக்கோ நகரத்துக்கோ சொந்தம். ஹோர்தோபாஜ் விடுதி டெப்ரெட்சென் நகரத்தின் உடைமை. உரிமையாளர் விடுதியைக் குத்தகைக்கு விடுவார். வடகிழக்குப் பகுதிகளில் குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் யூதர்கள். நிலம் வாங்க உரிமை இல்லாததால் அவர்களுக்கு மிஞ்சிய தொழில்களில் அதுவும் ஒன்று. ஊற்றிக் கொடுப்பவர் யூதர், வாசிப்பவர் ரோமா, குடிப்பவர் கிறித்தவர், லாபம் பிரபுவுக்கு.

இசைக்குழு என்றால் நான்கைந்து பேர். முன்னால் நின்று வயலின் வாசிக்கும் தலைவருக்குப் 'பிரீமாஷ்' என்று பெயர். பக்கத்தில் துணை வயலின், பின்னால் பெரிய பாஸ், நடுவில் சிம்பாலோம். இது சந்தூர் போலக் கம்பிகளை மரக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி. பிற்பாடு கிளாரினெட்டும் சேர்ந்தது. பிரீமாஷின் திறமை விரலில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருந்தது. மேசையில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து, அவனுக்கு இப்போது அழ வேண்டுமா ஆட வேண்டுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். அவன் காதருகே குனிந்து அவனுக்குப் பிடித்த பாட்டை இழைக்க வேண்டும். அழுதுகொண்டே கொண்டாடுபவர்கள் நாங்கள் என்று ஹங்கேரியர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த அழுகையை இழுத்துக் கொண்டுவரும் வேலை ரோமாவுக்கு. விடிய விடிய நின்றபடி.

கூலி? நிலையான சம்பளம் கிடையாது. மனம் குளிர்ந்த கனவான் பண நோட்டைப் பிரீமாஷின் நெற்றியில் ஒட்டிவிடுவார். வயலின் கம்பிக்குள் செருகிவிடுவதும் உண்டு. பார்க்கிறவர்களுக்கு இது தாராளம். நம் ஊர்ச் சாவுகளில் ரூபாய் நோட்டைத் தரையில் போட்டு, பறை அடித்தபடியே குனிந்து கண்ணிமையால் எடு, வாயால் எடு என்று சொல்லி ரசிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாராளத்தின் சுவை தெரியும். கையில் கொடுத்துவிட்டால் அது கூலியாகிவிடும். கூலிக்குக் கணக்கு கேட்கலாம். நெற்றியில் ஒட்டினால் அது பிச்சையாகவோ பரிசாகவோ நின்றுவிடும்.

விடுதி வெறும் கொண்டாட்ட இடமாக மட்டும் இருக்கவில்லை. 1715இல் ஹாப்ஸ்பர்க் பேரரசு ஹங்கேரியில் நிரந்தரப் படையை ஏற்படுத்தியபோது ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. படைக்காரர்கள் விடுதிக்கு வருவார்கள். ரோமா குழு வாசிக்கும், குதிரைப்படை வீரர்கள் பளபளக்கும் சீருடையில் வட்டமாக நின்று ஆடுவார்கள், மது இலவசம். குடித்துவிட்டு ஆட்டத்தில் சேர்ந்த குடியானவப் பையன் காலையில் கண் விழிக்கும்போது தலையில் படைத் தொப்பி இருக்கும். இந்த இசைக்கு 'வெர்புங்கோஷ்' என்று பெயர். ஆள் சேர்ப்பு என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. 1849இல் கட்டாயப் படைச் சேவை வந்த பிறகு ஆள் பிடிக்கும் ஆட்டம் தேவையற்றுப் போனது. அதன் இசையோ சார்தாஷுக்குள்ளும் செவ்வியல் இசைக்குள்ளும் போய்த் தங்கிவிட்டது.

அதே நூற்றாண்டில்தான் அதே அரசு இந்த இசைக்காரர்களின் மக்களை மக்களாக இல்லாமல் செய்ய முயன்றது. பேரரசி மரியா தெரேசா 1758 முதல் 1773 வரை அடுத்தடுத்து ஆணைகள் போட்டார். ரோமா மக்கள் இடம்பெயரக் கூடாது. அவர்களை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது, 'புதிய குடியானவர்கள்' என்றே சொல்ல வேண்டும். தங்களுக்குள் திருமணம் செய்யக் கூடாது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கிறித்தவக் குடியானவர் வீடுகளில் வளர்க்க வேண்டும். அவர் மகன் இரண்டாம் ஜோசப் 1783இல் போட்ட ஆணையில் ரோமானி மொழி பேசினால் 24 அடி. வயலில் வேலை இல்லாத நாட்களில் மட்டும் இசைக்கு அனுமதி. பண்ணை வேலைக்கு ஆள் குறையக் கூடாது, விருந்துக்கு வயலினும் குறையக் கூடாது. பெயரை எடுத்துக்கொள், மொழியை எடுத்துக்கொள், பிள்ளையை எடுத்துக்கொள், இசையை மட்டும் கழுவிப் பயன்படுத்து.

அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்தான் சின்கா பன்னா. 1711 வாக்கில் பிறந்தவர். ஷாயோ என்ற ஆற்றின் கரையில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள கோமோர் ஊர். ஒரு ரோமா பெண், பிரீமாஷாக நின்று ஆண்கள் அடங்கிய குழுவை நடத்தினார். கணவர் பாஸ் வாசித்தார், கணவரின் சகோதரர்கள் துணை வயலினும் சிம்பாலோமும். அந்த ஊர்ப் பிரபு அவரைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பி இசை படிக்க வைத்தாராம். ஆற்றங்கரையில் வீடும் கட்டிக் கொடுத்தாராம். 1772இல் இறந்தபோது வயலினையும் புகைக் குழாயையும் கூடவே புதைத்தார்கள் என்பது ஊர்க் கதை. கதை எவ்வளவு உண்மையோ, இது உண்மை: பன்னாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அவர் இயற்றியது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு மெட்டு கூட எழுத்தில் இல்லை.

அடுத்தவர் பிஹாரி யானோஷ். பெயரைப் பார்த்து நம் பீகாரோடு முடிச்சுப் போட வேண்டாம். ஹங்கேரியிலேயே பிஹார் என்று ஒரு மாவட்டம் இருந்தது. 1764இல் பிறந்தவர். 1814இல் நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பங்கு போட மன்னர்கள் வியன்னாவில் கூடியபோது அவர்கள் முன் வாசித்தார். அவருக்கு இசைக் குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. அவர் வாசித்ததை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள், அச்சிட்டார்கள், விற்றார்கள். 1824இல் வண்டி கவிழ்ந்து இடக்கை போனது. இடக்கை இல்லாமல் வயலின் ஏது? 1827இல் வறுமையில் இறந்தார்.

பிஹாரியைச் சிறுவனாகக் கேட்டவர் இசைமேதை பிரான்ஸ் லிஸ்ட். அவர் பிற்பாடு எழுதிய 'ஹங்கேரிய ராப்சோடி'கள் உலகப் புகழ் பெற்றன. 1859இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹங்கேரியின் இந்த இசை ரோமா மக்களின் சொந்தப் படைப்பு என்று வாதிட்டார். ஹங்கேரியே கொந்தளித்தது. எங்கள் தேசிய இசையைத் தூக்கிச் சிகான்களுக்குக் கொடுப்பதா! லிஸ்ட் நமக்கு ஆதரவாகத்தானே பேசினார் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். லிஸ்டின் ரோமா மனிதர், காட்டில் திரியும், சிந்தனையற்ற, உணர்ச்சி மட்டுமே உள்ள இயற்கைக் குழந்தை. அதே புத்தகத்தில் யூதர்களைப் பற்றி விஷம் கக்கும் பக்கங்களும் உண்டு. உயரத்தில் ஏற்றி வைத்துக்கொண்டே ஒருவனின் மூளையைப் பறித்துவிட முடியும் என்பதற்கு அந்தப் புத்தகம் நல்ல பாடம். பறையை 'ஆதி இசை', 'ரத்தத்திலேயே ஊறியது' என்று மேடையில் புகழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு லிஸ்ட் ஞாபகம் வருவார். ரத்தத்தில் எதுவும் ஊறுவதில்லை. சிறு வயதிலிருந்து மாமனும் அப்பனும் தலையில் தட்டிக் கற்றுக்கொடுத்தது அது.

70 ஆண்டுகள் கழித்து எதிர்த் திசையிலிருந்து வந்தார் பேலா பார்டோக். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தவர், பாசிசத்தை வெறுத்து 1940இல் நாட்டை விட்டே போனவர். 1931இல் அவர் சொன்னது: நகர விடுதிகளில் 'ஜிப்சி இசை' என்று வாசிக்கப்படுவது ஜிப்சி இசையே இல்லை, ஹங்கேரிய மேல்தட்டினர் அண்மையில் எழுதிய பாட்டுகள். ரோமா இசைக்காரர்கள் அதை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையான ரோமா பாடல்கள் வேறு. அவை கிராமத்து ஏழை ரோமா மக்கள் தங்கள் மொழியில் பாடுவது.

மெட்டுகளின் மூலத்தைப் பொறுத்தவரை பார்டோக் பெருமளவு சரி. ஆனால் அவர் தராசில் எழுதியவனுக்கு மட்டுமே எடை. ஒரே பாட்டை அழுகைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி வளைத்து, இடைவெளிகளை நிரப்பி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, 150 ஆண்டுகள் விடுதி விடுதியாக உயிரோடு வைத்திருந்த கை அந்தத் தராசில் ஏறவே இல்லை. காகிதம் வைத்திருந்தவன் படைப்பாளி, காகிதம் மறுக்கப்பட்டவன் வாசிப்பாளன். லிஸ்ட் இசையைக் கொடுத்து அறிவை எடுத்துக்கொண்டார். பார்டோக் இசையையே எடுத்துக்கொண்டார். இருவரும் பேசிய அந்த 70 ஆண்டுகளில் எந்த ரோமா இசைக்காரரிடமும் அவர் கருத்தை யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

1893இல் ஹங்கேரி அரசு ரோமா மக்களைத் தனியாகக் கணக்கெடுத்தது. மொத்தம் 2,74,940 பேர். அவர்களில் இசைக்காரர்கள் ஏறத்தாழ 17,000 பேர். பதினாறு பேரில் ஒருவர். சுற்றுலா அட்டையில் இந்த ஒருவர் மட்டுமே தெரிவார். மீதிப் பதினைந்து பேர் ஊர் எல்லையில், செங்கல் மண் தோண்டிய பள்ளங்களின் ஓரத்தில், 'சிகான் வரிசை' என்று பெயர் வைத்த குடிசைத் தெருவில் இருந்தார்கள். ஊரும் சேரியும்!

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இசைக்கார ரோமா மக்கள் ஹங்கேரிய மொழிக்கு மாறிவிட்டிருந்தார்கள். நல்ல உடை, பிள்ளைக்கு வயலின், விடுதியில் பெயர். அவர்களில் பலர் ரோமானி பேசும் மற்ற ரோமா மக்களையும், பெயாஷ் என்ற இன்னொரு பிரிவினரையும் கீழானவர்களாகப் பார்த்தார்கள், பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. படிநிலையில் கடைசிப் படியில் நிற்பவனுக்கும் கீழே ஒரு படி செய்து தருவதுதான் சாதியின் தந்திரம் என்று அண்ணல் நமக்குச் சொல்லியிருக்கிறார். வயலின் அந்தப் படியை உடைக்கவில்லை.

1944இல் இந்தப் படிகள் எதுவும் கணக்கில் வரவில்லை. மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து 4,00,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்சுக்கு. விடுதிக் குத்தகைக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் போனார்கள். இலையுதிர் காலத்தில் ரோமா மக்களைப் பிடித்து டானூப் கரையிலுள்ள கோமாரோம் கோட்டையில் அடைத்தார்கள்; அங்கிருந்து பலர் ஜெர்மன் முகாம்களுக்குப் போனார்கள். 1945 தொடக்கத்தில் வார்பலோட்டா அருகே ஒரு ஏரிக்கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோமா மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். இசைக்காரன், செங்கல் அறுப்பவன் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

போருக்குப் பிந்தைய சோசலிச அரசு உணவகங்களைத் தன் கையில் எடுத்தபோது இசைக்காரர்களுக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1961இல் ஆளும் கட்சி ஒரு தீர்மானம் போட்டது: ரோமா ஒரு தேசிய இனம் இல்லை, வெறும் சமூகப் பிரச்சினை. 1984இல் புகழ்பெற்ற பிரீமாஷ் யாரோகா ஷாந்தோர் இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய வந்த இசைக்காரர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அதிலிருந்து மறு ஆண்டு 100 பேர் கொண்ட ரோமா இசைக்குழு பிறந்தது. கூலிக்கு இல்லாமல், தங்களில் ஒருவருக்காகத் தாங்களே வாசித்த ஒரு நாளில் பிறந்த குழு அது.

1989க்குப் பிறகு அரசு உணவகங்கள் தனியாருக்குப் போயின, குழுக்கள் கலைந்தன. ஷாயோ பள்ளத்தாக்கின் சுரங்கங்களும், பக்கத்து ஓஸ்த் நகரத்தின் எஃகு ஆலையும் மூடப்பட்டன; முதலில் வேலை இழந்தவர்கள் ரோமா தொழிலாளர்கள். 1990களில், மதுக்கடையில் ரோமா மக்களுக்குப் பரிமாற மறுத்த வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின. யோசித்துப் பாருங்கள். எந்த விடுதியின் பெயரை இவர்கள் வயலின் உலகுக்குக் கொண்டுபோனதோ, அந்த வகை விடுதியில் காசு கொடுத்து ஒரு கோப்பை வாங்க வழக்குப் போட வேண்டியிருந்தது. இரட்டைக் குவளைகூட இல்லை, குவளையே இல்லை. 2008, 2009 ஆண்டுகளில் ரோமா குடியிருப்புகளில் நடந்த தொடர் தாக்குதல்களில் ஒரு சிறுவன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்.

சின்கா பன்னா வாழ்ந்த ஊரிலிருந்து அதே ஷாயோ ஆறு ஹங்கேரிக்குள் இறங்கி ஓடும் வழியில் ஷாயோகாசா என்றொரு பழைய சுரங்கக் கிராமம் இருக்கிறது. 2007இல் திபோர் தெர்தாக், யானோஷ் ஒர்ஷோஷ் என்ற இருவர் அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். ஒர்ஷோஷ் பெயாஷ் ரோமா. இருவரும் மகாராஷ்டிரத்துக்கு வந்து நம் மக்களின் பௌத்த இயக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். பள்ளியின் பெயர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி. அதை நடத்தும் அமைப்பின் பெயர் ஜெய்பீம். மற்ற பள்ளிகள் கைவிட்ட, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தித் தனி வகுப்பில் தள்ளிய ரோமா பிள்ளைகள் அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். இப்படி முத்திரை குத்துவது பாகுபாடு என்று 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே ஹங்கேரிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஹங்கேரியின் பள்ளி இறுதித் தேர்வில் மாணவர்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய மொழிகளில் இன்று இரண்டு ரோமா மக்களின் மொழிகள். ஒன்று ஒர்ஷோஷின் பெயாஷ். மற்றொன்று லோவாரி, அதாவது ரோமானியின் ஒரு கிளைமொழி. 1783இல் பேசினால் 24 அடி என்று ஜோசப் ஆணையிட்டது அந்த ரோமானிக்குத்தான்.